எல்லாம் சரிதான், ஆனா…

அத்தை ஒரு பொருளைக் கையில் எடுத்துவிட்டாள் என்றால் அந்தக் கடைக்காரருக்கு அன்றைய வியாபாரம் அவ்வளவுதான். தாராவியில் எங்கள் சந்துக்கு அக்கம்பக்கத்திலிருந்த கடைகளில் இதை அனுபவிக்காத கடை கிடையாது. ஒருமுறை குடை வாங்கப் போனோம். குடையை நடுக்கடையில் விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அந்தச் செம்புத் தண்ணிய மேல ஊத்து" என்றாள். நானும் ஊற்றித் தொலைத்தேன். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. கடைக்காரரின் பில் புத்தகம்தான் தொப்பலாக நனைந்தது. அத்தை குடையை மடக்கி நீட்டினாள். "எல்லாம் சரிதான், ஆனா கம்பி நுனி கூரா இருக்கு. மழையில பக்கத்துல வாரவன் கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

பக்கத்தில் வருகிறவன் கண்ணுக்காக ஒரு குடையை வேண்டாம் என்று சொன்ன மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கக் கோலியில் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். கோலி என்றால் ஒரே அறை வீடு என்பதால், அங்கே தாளித்தால் இங்கே தும்முவோம். மாமா மான்குர்த் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அத்தையே பேசிவிடுவாள். அவள் பேச்சில் "ஆனா" வராத வாக்கியத்தை நான் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. இதில் ஒரு தந்திரம் இருந்தது. முதலில் மனசாரப் பாராட்டுவாள். நாமும் நம்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்போம். அப்புறம் வரும்.

என் அக்காவுக்குச் செம்பூரில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. அம்மா சந்தோஷம் தாங்காமல் போட்டோவை முதலில் அத்தையிடம்தான் கொண்டுபோய்க் காட்டினாள். அத்தை அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"மூக்கும் முழியுமா இருக்கான் மைனி. வேலையும் இருக்கு. எல்லாம் சரிதான், ஆனா…"

"ஆனா என்ன?" அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

"சட்டையில ஒரு பட்டன் மாறிக் கெடக்கு பாருங்க. போட்டோவுக்கு நிக்கையிலயே கண்ணாடி பாக்காத பயல், பொறவு எப்பப் பாப்பான்?"

கல்யாணம் நடந்தது. அத்தான் தங்கமான மனுஷர். இன்றைக்கும் பட்டனை மாற்றித்தான் போடுகிறார் என்பதை இங்கே சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இதெல்லாம் அவள் பிழைப்பிலிருந்து வந்த பழக்கமா, இந்தப் பழக்கத்தால்தான் அந்தப் பிழைப்பு கிடைத்ததா, தெரியாது. தோல் பைகள் தைக்கிற ஒரு கார்கானாவில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து முடித்த பை ஒவ்வொன்றும் அவள் கைக்கு வரும். தையல் விட்டிருந்தாலோ, ஜிப் மக்கர் பண்ணினாலோ, அந்தப் பையின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவாள். பை தைத்தவரிடமே திரும்பிப் போகும். சரிசெய்து வந்ததும் அத்தை மறுபடி பார்ப்பாள், திருப்தியானால் நூலை அவிழ்ப்பாள். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருமுறை அவசரத்தில் கார்கானா சேட்டே கத்தரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "சேட், கட்டுனது நானு. அவுக்கணும்னா நாந்தான் அவுக்கணும். இல்லைன்னா நாளைலருந்து நீங்களே செக்கிங் பாருங்க" என்று தமிழும் இந்தியுமாக ஒரு பிடி பிடித்தாளாம். சேட் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நூல்கண்டு எப்போதும் அவள் இடுப்புப் பர்சில் இருக்கும். வீட்டிலும் கட்டுவாள். மாமாவின் புதுச் செருப்பில் ஒருநாள் கட்டிவைத்திருந்தாள். மனுஷர் அதை அவிழ்க்கப் பயந்து, சிவப்பு நூல் தொங்கத் தொங்க மான்குர்த் வரை போய்விட்டு வந்தார்.

அவர்களுக்கு ஒரே பெண், செல்வி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வராது. வீட்டுக்குள் கையும் உதடும்தான் பாஷை. அடுத்த கோலியில் வளர்ந்ததால் அந்தப் பாஷை எனக்கும் வந்துவிட்டது. சோறு, தண்ணீர், கோபம், மாமா, எல்லாவற்றுக்கும் ஒரு கை இருந்தது. "ஆனா"வுக்கும் இருந்தது. ஆள்காட்டி விரலைத் தூக்கி, கொக்கி மாதிரி வளைத்து, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்த வேண்டும். அத்தை வீட்டுக்குள் கால் வைக்கும்போதே செல்வி அந்தக் கொக்கியைக் காட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல அரிசி களைவாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "சிரிங்கட்டி சிரிங்க. எல்லாம் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்பாள் அத்தை.

செல்வி பள்ளிக்கூடம் முடித்து, சயானில் கம்ப்யூட்டரும் படித்துவிட்டு, அம்மாவோடு கார்கானாவில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவள் வெறுத்தாள். கத்தரியை வைக்கிற வேகத்திலேயே அது தெரியும். அப்போதுதான், லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிற டோம்பிவிலியில் ஒரு கம்பெனியிலிருந்து அவளுக்கு வேலை வந்தது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்க வேண்டும். காதுக்கு அங்கே வேலையே இல்லை. அடுத்த மாதம் பிறக்கும்போது வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். செல்வி எங்கள் கோலிக்குள் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அத்தை ஒரு நாள் பூராவும் யோசித்தாள்.

"நல்ல வேலைதான். போகலாம். ஆனா வண்டி நடுவுல நின்னு போச்சுன்னா? அனவுன்ஸ்மென்ட்ல பிளாட்பாரம் மாத்திச் சொன்னாம்னா? மழைக்குத் தண்டவாளம் முங்குச்சுன்னா? வாயுள்ள பிள்ளையே மலைச்சுப் போயி நிக்கும். இவ யார்கிட்டட்டி போயிக் கேப்பா? எனக்கு யாரு சொல்லுவா?"

உண்மையாகவே பயப்பட வேண்டிய விஷயம்தானே. அப்போது செல்வி கையால் ஒரு பெட்டி வரைந்தாள். அதன் அடியிலிருந்து எதையோ இழுத்தாள். இரண்டு கட்டைவிரலாலும் காற்றில் படபடவென்று தட்டினாள். லோக்கலில் ஒரு பெண்ணிடம் பார்த்திருக்கிறாள், தள்ளினால் அடியிலிருந்து கீபோர்டு வெளியே வருகிற போன். வழியெல்லாம் மெசேஜ் அனுப்பிக்கொண்டே போவேன் என்றாள்.

"டிராயர் போனா?" என்றாள் அத்தை. "சரி, பாப்போம். ஆனா நான் பாத்துத்தான் வாங்கணும்."

சயான் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு மொபைல் கடை இருந்தது. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துப் பாய், பொறுமைசாலி. அவருடைய பொறுமைக்கு எங்கே எல்லை என்பது அவருக்கே அந்த வாரம்தான் தெரிந்திருக்கும். பெயர் கேள்விப்படாத கம்பெனியின் போன் ஒன்றை எடுத்து வைத்தார். கறுப்பு நிறம், சோப்புக்கட்டி கனம். பெரிய கம்பெனிப் போன்கள் கண்ணாடிக்குள் உயரத்தில் இருந்தன, அந்தப் பக்கம் நாங்கள் பார்க்கவே இல்லை. செல்வி கட்டைவிரலால் தள்ளினாள். கடக் என்று கீபோர்டு வெளியே வந்தது. அவளுக்குச் சத்தம் கேட்டிருக்காது, விரலில் அதிர்ந்திருக்கும். முகமெல்லாம் சிரிப்பு.

அத்தை வாங்கினாள். தள்ளினாள், மூடினாள். மறுபடி தள்ளினாள், மூடினாள். காதோரம் வைத்துத் தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள்.

"யக்கா, அது போன்க்கா. கதவுத் தாப்பாளு இல்ல" என்றார் பாய்.

"போகப்போக லூசாகும் பாய். இந்த எடத்துல ஆடுது பாருங்க."

"எங்கக்கா ஆடுது?"

"கண்ணுக்குத் தெரியாது. நகத்துல தெரியும்."

நகத்தை விட்டுக் காட்டினாள். பாயும் தன் நகத்தை விட்டுப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தை இடுப்புப் பர்சைத் திறந்து, நூலை எடுத்து, போனின் மூலையில் கயிறு மாட்டுகிற சின்னத் துளையில் கோத்து ஒரு முடிச்சுப் போட்டாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"ரிஜெக்ட் பாய். சரி பண்ணி வைங்க. நாளைக்கி வந்து பாக்கேன்."

"நான் எங்கக்கா சரி பண்ண? இது சைனாலருந்து வருது!"

"அப்ப அங்க சொல்லி அனுப்புங்க."

செல்வி வெட்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எனக்கோ பாயின் முகத்தைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் பாய் பாய்தான். மறுநாள் போனபோது நூல் அப்படியே இருந்தது. யாராவது அதைக் கேட்டால், "அது செக்கிங்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் அந்தக் கடையில் பரீட்சை நடந்தது. ஒருநாள், கீபோர்டை மூடும்போது துப்பட்டா மாட்டுகிறதா என்று பார்த்தாள். மாட்டியது, அதில் அவளுக்கு ஒரு திருப்தி. ஒருநாள், சாப்பாட்டு டப்பாவோடு பைக்குள் போட்டுக் குலுக்கினாள். காது கேட்காத பிள்ளைக்கு மெசேஜ் வந்ததை உடம்புதான் சொல்ல வேண்டும் என்பதால் வைப்ரேஷன் பரீட்சை பெரிய பரீட்சை. போனைச் செல்வியின் பைக்குள் வைத்து, பாயைத் திரும்பத் திரும்ப அழைக்க வைத்தாள். செல்வி பல தடவை திரும்பவே இல்லை. "பாத்தியா!" என்றாள் அத்தை. மறுநாள் கார்கானாவில் மிஞ்சின தோல் துண்டில் ஒரு சின்னப் பை தைத்து, செல்வியின் கழுத்தில் மாட்டி, போனை நெஞ்சோரம் படுகிற மாதிரி வைத்தாள். அழைத்ததும் செல்வி துள்ளினாள். அந்தக் குறையை அத்தையே தீர்த்துவிட்டாள். தீர்த்துவிட்டோமே என்று அவள் முகம் கொஞ்சம் வாடியதையும் பார்த்தேன்.

லேடீஸ் டப்பா, அதாவது ரயிலின் பெண்கள் பெட்டிப் பரீட்சையைச் சொல்லியே ஆக வேண்டும். கடைக்குள் இருந்த நாலைந்து பெண்களை, யார் எவர் என்று பார்க்காமல், செல்வியைச் சுற்றி நெருக்கி நிற்கவைத்தாள். "பேகன்ஜி, தோடா தக்கா மாரோ" என்று, கொஞ்சம் இடிக்கச் சொல்லி அவர்களிடம் கேட்டுக்கொண்டாள். ஒரு மராத்திக்கார அம்மாள் காய்கறிப் பையோடு வந்து நிஜ ரயிலில் இடிப்பதுபோலவே இடித்தாள். நடுவில் செல்வி, மேலே கம்பிக்குப் பதில் கடையின் ஷட்டர் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப அனுப்பு" என்று கை காட்டினாள் அத்தை.

செல்வி ஒரு கையால் போனை எடுத்தாள். தள்ளினாள். அடிப்பதற்கு இன்னொரு கை வேண்டும். அந்தக் கை கொக்கியில் இருந்தது.

"பாய்! இதுக்கு ரெண்டு கை வேணும். கம்பிய எந்தக் கையால புடிப்பா?"

செல்வி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். கொக்கியை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் அடித்து அனுப்பிவிட்டாள். காய்கறிப் பை அம்மாள் கை தட்டினாள்.

"எல்லாம் சரிதான்" என்று தொடங்கினாள் அத்தை. கடையிலிருந்த எல்லோருமே அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பாய்தான், பாவம், பேச்சு மாற்றுவதாக நினைத்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

"ஆமா, எந்தப் பாஷையில மெசேஜ் அனுப்பிக்கப் போறீங்க?"

செல்வி படித்த பள்ளிக்கூடத்தில் இந்தியும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் எழுத்துக் கூட்டத் தெரியும். அந்தப் போனிலோ தமிழே இல்லை. பிறந்ததிலிருந்து அம்மாவும் மகளும் கையால் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதியதில்லை. எழுத வேண்டிய தேவையே வந்ததில்லை.

"நான் சொன்னேம்லா!" அத்தை கிட்டத்தட்டக் குதித்தாள். "சொன்னேம்லா! இந்தப் போனு சரிப்பட்டு வராது."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குச் சுரீர் என்றது. இத்தனை நாள் அவள் போனைச் சோதிக்கவில்லை. பிள்ளையை அனுப்ப அவளுக்கு மனசில்லை, அவ்வளவுதான் சங்கதி. போனில் குறை இருக்கிறவரை செல்வி வீட்டில் இருப்பாள். மாதம் பிறக்க நாளும் அதிகமில்லை. செல்விக்கும் அது அந்த நொடியில்தான் புரிந்திருக்க வேண்டும். அம்மாவின் இடுப்புப் பர்சை வெடுக்கென்று திறந்தாள், நூலை உருவினாள், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். வந்த கூட்டமெல்லாம் பார்க்க, அம்மா ரிஜெக்ட்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி கோரைப்பாயை விரித்துச் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். செல்வியின் சண்டை அப்படித்தான். நாம் கோபத்தில் கதவைச் சாத்துவோம், அவள் கண்ணைச் சாத்துவாள். அப்புறம் யார் என்ன சொன்னாலும் உள்ளே போகாது. அத்தை எதிரில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள், முழங்காலைத் தட்டினாள், கன்னத்தைத் தடவினாள். கண் திறக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் அன்றைக்குத்தான் முதன்முறையாக அத்தையின் சத்தமே கேட்காமல் சாப்பிட்டோம். சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் தண்ணீர்க் குழாயடியில் அத்தை என்னிடம் வந்தாள். மணிக்கட்டில் நூல் இருந்தது.

"அவுத்துற வேண்டியதுதான அத்தை?"

"நான் எப்படி அவுப்பேன்? கட்டுனது அவள்லா."

குடத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏட்டி, குர்லாவுக்குத் தமிழ்ல என்ன?"

"குர்லாதான்."

"இந்தியில?"

"குர்லா."

"இங்கிலீசுல?"

"அதுவும் குர்லாதான் அத்தை. ஊர்ப் பேரு எல்லாத்துலயும் ஒண்ணுதான?"

"அப்பப் போதும்" என்றாள். "அவ ஒவ்வொரு ஸ்டேஷனாப் பேர அனுப்பட்டும். எழுத்துத் தெரியாட்டா என்ன, வாசிச்சுச் சொல்ல ஆளா இல்ல? பிள்ள எங்கன இருக்கான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. வேற என்ன பேசப் போறோம்?"

அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு நேரே பாய் கடைக்குப் போனாள். போனில் கட்டிய நூலை அவளே அவிழ்த்தாள். பாய் அதைப் பார்த்து ஆண்டவனுக்கு நன்றி சொன்னாராம். போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, செல்வியின் மூடிய கையைப் பிரித்துப் போனை வைத்து அழுத்தினாள். செல்வி கண்ணைத் திறந்தாள். போனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கட்டிப்பிடித்துக்கொண்டாள். நூலை மட்டும் அவிழ்க்கவில்லை. அத்தை மணிக்கட்டை இரண்டு தடவை அவள் கண்ணுக்கு நேரே நீட்டிப் பார்த்தாள். செல்வி ஆள்காட்டி விரலை ஆட்டினாள். இன்னும் பாஸ் ஆகவில்லை என்று அர்த்தம்.

முதல் நாள் சயானில் செல்வியை ஏற்றிவிட்டுப் பிளாட்பார பெஞ்சில் அத்தையும் நானும் உட்கார்ந்தோம். கார்கானாவுக்கு அவள் போகவில்லை, காலேஜுக்கு என்னைப் போக விடவில்லை. அத்தையிடம் ஒரு பழைய சின்னப் போன் இருந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் மெசேஜ் வந்தது. குர்லா. நான் வாசித்ததும், "ம்" என்றாள். அடுத்தது வந்தது.

"காட்கோபர்" என்றேன்.

"நடுவுல ஒண்ணு விட்டுப் போச்சே."

"என்ன அத்தை?"

"வித்யாவிஹார் எங்கட்டி? குர்லாவுக்கும் காட்கோபருக்கும் நடுவுல வித்யாவிஹார் வரணும்லா? அனுப்பாம விட்டுட்டாளே. கேளு, கேளு!"

கேட்டேன். கொஞ்சம் பொறுத்து, வித்யாவிஹார் என்று தனியாக வந்தது. பின்னாலேயே விக்ரோலி. அதற்கப்புறம் செல்வி ஒன்றைக்கூட விடவில்லை. காஞ்சூர், பாண்டுப், நாகூர். நாகூர் என்றதும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். அது நம்ம நாகூர் இல்லை அத்தை, நாஹூர் என்றேன். "எந்த நாகூரானா என்னட்டி, கும்புட்டா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டோம்." முலுண்டு, தானே, கல்வா, மும்ப்ரா.

மும்ப்ராவுக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

ஒரு லோக்கல் வந்து போனது. இன்னொன்று வந்து போனது. அத்தை போனைக் குலுக்கினாள், தலைகீழாகப் பிடித்தாள். தலைக்கு மேல் ஒலிபெருக்கி கரகரத்தது. ஏதோ கோளாறு, டோம்பிவிலி வழியாகக் கல்யாண் பக்கம் போகிற வண்டிகள் தாமதம். நாங்கள் இருவரும் அதைக் கேட்டோம். கேட்க வேண்டியவளுக்கு அது கேட்டிருக்காது. பெட்டி முழுக்க ஜனம் ஏதேதோ கத்தும், இறங்கும், ஏறும். செல்வி எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"என்னமாவது அனுப்பேன்ட்டி" என்றாள் அத்தை.

"என்ன அனுப்ப? ஊர்ப் பேரு தவிர வேற எதுவும் பேசிவைக்கலையே."

அத்தை வாயைத் திறந்தாள். "ஆனா…" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் வராமல் போனதை என் ஆயுசில் அப்போதுதான் பார்த்தேன். எனக்கு வேறு ஒன்றும் தோன்றாமல், அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். ஏ, என், ஏ. ஆனா. அனுப்பிவிட்டேன்.

போன் உடனே துடிக்கவில்லை. ஒரு வண்டி உள்ளே வந்து கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போன பிறகுதான் துடித்தது. துடித்தது என்றால் விடாமல் துடித்தது. திவா. கோபர். டோம்பிவிலி. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. வழியில் சிக்னல் இல்லாமல் தேங்கிக் கிடந்திருக்கின்றன. நாலாவதாக ஒன்று வந்தது. அது ஊர்ப் பேர் இல்லை. இங்கிலீஷ் எழுத்து, தமிழ் வார்த்தை. "ஆனா இல்ல."

வாசித்துக் காட்டினேன். அத்தை பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் அழுதாள். ஓவென்று, நன்றாகவே அழுதாள். நானும் அழுதேன். பக்கத்தில் நின்ற ஒருவர் எங்களிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"தமிழ் எப்படிட்டி அவளுக்கு எழுத வந்தது?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

அதற்குப் பதில் சாயங்காலம்தான் கிடைத்தது. செல்வி வீட்டுக்கு வந்ததும் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். நான் அனுப்பிய மெசேஜுக்கு மேலே, அனுப்பியவர் பெயர் வருகிற இடத்தில், அம்மா என்று இல்லை. அங்கேயும் ஏ, என், ஏ என்றுதான் இருந்தது. அம்மாவின் நம்பரை அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருக்கிறாள்! இது என்ன என்று கையால் கேட்டேன். செல்வி சிரித்துக்கொண்டே சொன்னாள். சின்ன வயதில் அம்மாவின் உதட்டை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். அதிகம் வருகிற உதட்டசைவு அதுதான், அடுத்தபடி "இல்ல"; இரண்டையும் பார்த்தபடியே பிறகு இங்கிலீஷ் எழுத்தில் கூட்டிக்கொண்டாளாம். பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அம்மாவின் பெயரே "ஆனா" என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். டீச்சர் அம்மா பெயர் என்ன என்று கேட்டபோது கொக்கி விரலைத்தான் காட்டினாளாம்.

"என்னட்டி சொல்லுதா?" என்றாள் அத்தை. அடுப்பில் பால் வைத்திருந்தாள்.

சொன்னேன். நான் ஏதோ பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து செல்வியின் எதிரில் உட்கார்ந்தாள். செல்வி போனைத் தூக்கிக் காட்டி, புருவத்தால் கேட்டாள். எப்படி?

"நல்லா இருக்கு" என்றாள் அத்தை.

செல்வி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் காத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் அம்மாவும் காதை வைத்துக் காத்திருந்தாள் என்று பிறகு சொன்னாள். அடுத்த வார்த்தை வரவில்லை. அத்தையின் வாய் மூடியே இருந்தது. செல்விக்குப் பயம் வந்துவிட்டது, கையை நீட்டி அம்மாவின் நெற்றியில் வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள். அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டு, கண் நிறைய நீரோடு, வீம்பாக மறுபடியும் சொன்னாள்.

"நல்லா இருக்கு. அவ்வளவுதான்."

செல்வி அம்மாவின் மணிக்கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தண்ணீரில் நனைந்து நனைந்து முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத் தளர்த்தி, மெதுவாக, சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். கடைசிச் சுற்றும் வந்தது. பாஸ் என்று கட்டைவிரலை உயர்த்தினாள்.

அத்தை வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் விளக்கு வெளிச்சத்துக்குத் தூக்கினாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். தோலில் வளையல் மாதிரிச் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது.

"நூலு நல்ல நூலுதான்" என்றாள். அடக்கித்தான் பார்த்தாள், முடியவில்லை. "ஆனா சாயம் போகுதே, பாரு."

செல்வி அவிழ்த்த நூலை மறுபடியும் கையில் எடுத்தாள்.